இணையப் பங்குகளில் நாள் வர்த்தகம்: டாட்காம் காலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தக் காலத்துக் கதை?

1995 ஆகஸ்ட் 9 அன்று நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கம்பெனியின் பங்கு அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தைக்கு வந்தது. வெளியீட்டு விலை 28 டாலர், அன்றைக்கே 75 டாலர் வரை தொட்டுவிட்டு 58.25-ல் முடிந்தது. அங்கே தொடங்கிய டாட்காம் கம்பெனிகளின், அதாவது இணையக் கம்பெனிகளின், ஏற்றம் 2000 மார்ச் 10 அன்று நாஸ்டாக் குறியீடு 5,048-ல் முடிந்ததோடு உச்சத்துக்குப் போனது. அப்புறம் இறக்கம், 2002 அக்டோபர் 9 அன்று 1,114 வரை. நூறு ரூபாய் இருபத்திரண்டு ரூபாய் ஆன மாதிரி. இந்த ஏழு வருடத்தில் காலையில் வாங்கி மதியம் விற்ற நாள் வர்த்தகர்களுக்கு என்ன நடந்தது என்பதுதான் இங்கே பேச்சு. இன்றைக்கு போனில் ஆப் வைத்துக்கொண்டு டிரேடிங் செய்கிற நம் பிள்ளைகள் கேட்கிற கேள்விகளில் பெரும்பாலானவை அன்றைக்கே கேட்கப்பட்டுவிட்டன, பலவற்றுக்குப் பதில் எண்ணாகவே இருக்கிறது.

இணையம் உலகத்தையே மாற்றும் என்று சொன்னவர்கள் சரியாகத்தானே சொன்னார்கள்? பிறகு ஏன் இணையப் பங்குகளில் நாள் வர்த்தகம் செய்ததைச் சூதாட்டம் என்கிறீர்கள்?

சரியாகத்தான் சொன்னார்கள், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் இணையம் வளருமா என்பது ஒரு கேள்வி. இந்தக் கம்பெனியின் பங்கை 90 டாலருக்கு வாங்கி அரை மணி நேரம் கழித்து 95-க்கு விற்க முடியுமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதல் கேள்விக்கு சரியான பதில் தெரிந்திருந்த லட்சக்கணக்கான பேர், அதனாலேயே இரண்டாவதும் தங்களுக்குத் தெரியும் என்று நம்பினார்கள். பணம் போனது அந்த நம்பிக்கையில்தான். குறுகிய கால வர்த்தகத்தில் யார் கைக்குப் பணம் போகிறது என்பதை ஆர்டர் எப்படி நிறைவேறுகிறது, எத்தனை பங்கு சந்தையில் புழங்குகிறது, யார் எந்த விலையில் முன்பே வாங்கி வைத்திருக்கிறார்கள், யார் கடனில் நிற்கிறார்கள் என்பவைதான் தீர்மானிக்கின்றன. இணையத்தின் எதிர்காலம் அதில் வரவே வராது.

சாதாரண மனிதர்கள் திடீரென்று நாள் வர்த்தகர் ஆனது எப்படி?

இதற்கு வேர் 1987 அக்டோபர் சரிவில் இருக்கிறது. அந்த நாட்களில் நாஸ்டாக் புரோக்கர்கள் பலர் போனையே எடுக்கவில்லை என்று சிறு முதலீட்டாளர்கள் புகார் சொன்னார்கள். அதனால் சிறிய ஆர்டர்களைத் தானாக நிறைவேற்றும் கணினி அமைப்பை எல்லா மார்க்கெட் மேக்கர்களும், அதாவது வாங்கும் விலையும் விற்கும் விலையும் சொல்லி எப்போதும் பங்கு வாங்கி விற்கிற நிறுவனங்களும், ஏற்றே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். பெரிய பங்குகளில் 1,000 பங்கு வரைக்கும் திரையில் தெரிகிற விலைக்கே கொடுத்தாக வேண்டும். சாமானியரைக் காப்பாற்ற வந்த அந்த விதியைச் சில கெட்டிக்காரர்கள் வேறு மாதிரி பயன்படுத்தினார்கள். விலை நகரும்போது தன் விலையைத் திருத்த ஓரிரு நொடி தாமதிக்கிற மார்க்கெட் மேக்கரைப் பார்த்து, பழைய விலைக்கே அவரிடம் வாங்கி உடனே இன்னொருவரிடம் விற்றுவிடுவார்கள். வால் ஸ்ட்ரீட் அவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்றே திட்டியது.

அப்புறம் ஆன்லைன் புரோக்கர்கள் வந்தார்கள். கமிஷன் இ-டிரேடில் 14.95 டாலர், டேடெக்கில் 9.99, அமெரிடிரேடில் 8 என்று இறங்கியது. ஊர் ஊராக டிரேடிங் அலுவலகங்கள் திறந்தன. வரிசையாக மேசை, மேசைக்கு மேசை திரை, காலை 9.30-க்கு மணி அடித்ததும் இருபது முப்பது பேர் ஒரே நேரத்தில் தட்டத் தொடங்குவார்கள், சுவரில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரு கணக்கு மட்டும் பார்ப்போம். ஒரு ஆர்டருக்கு 15 டாலர் கட்டணம், ஒரு நாளைக்கு 20 ஆர்டர் என்றால் 300 டாலர். வருடத்துக்கு 250 வர்த்தக நாள், ஆக 75,000 டாலர். ஒரு லட்சம் டாலர் முதல் போட்டவர் வருடத்துக்கு 75 சதவீதம் சம்பாதித்தால்தான் போட்ட இடத்திலேயே நிற்க முடியும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி இதில் சேரவில்லை. அன்று விலைகள் தசமத்தில் கிடையாது, எட்டில் ஒரு பங்கு, 1997-க்குப் பிறகு பதினாறில் ஒரு பங்கு என்று பின்னத்தில் இருந்தன. பதினாறில் ஒரு பங்கு டாலர் என்றாலே 1,000 பங்குக்கு 62.50 டாலர் இடைவெளியிலேயே போய்விடும்.

ஐபிஓ (கம்பெனி தன் பங்கைப் பொதுமக்களுக்கு முதல் தடவை விற்பது) முதல் நாளில் 600 சதவீதம் ஏறியது என்கிறார்களே, அதை யார் சம்பாதித்தார்கள்?

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம்.

1998 நவம்பர் 13, தகுளோப்.காம். பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த இரண்டு இளைஞர்கள் தொடங்கிய சமூக வலைத்தளம். வெளியீட்டு விலை 9 டாலர், விற்பனைக்கு வந்தவை 31 லட்சம் பங்குகள் மட்டும். சந்தையில் முதல் வர்த்தகம் நடந்ததே 87 டாலரில். 97 வரை போய் 63.50-ல் முடிந்தது. மறுநாள் பத்திரிகைகளில் 606 சதவீத ஏற்றம் என்று தலைப்பு.

இந்த 606 சதவீதம் கிடைத்தது யாருக்கு? 9 டாலருக்குப் பங்கு ஒதுக்கப்பட்டவர்களுக்கு. அவர்கள் பெரும்பாலும் நிதி நிறுவனங்கள், வெளியீட்டை நடத்திய வங்கிக்கு வேண்டிய வாடிக்கையாளர்கள். வீட்டில் உட்கார்ந்து முந்தின இரவே "மார்க்கெட் விலைக்கு வாங்கு" என்று ஆர்டர் போட்டு வைத்தவருக்கு 9 டாலருக்குக் கிடைக்காது, 87-க்கோ 90-க்கோதான் விழும். 90-க்கு 1,000 பங்கு வாங்கியிருந்தால் மாலையில் 90,000 டாலர் 63,500 ஆகியிருக்கும். வரலாற்றுச் சாதனை என்று எழுதப்பட்ட அதே நாளில், அதே பங்கில், 26,500 டாலர் நஷ்டம். 2001-ல் நாஸ்டாக் அந்தப் பங்கைப் பட்டியலிலிருந்தே நீக்கியது.

அடுத்த வருடம் டிசம்பர் 9-ல் விஏ லினக்ஸ் இதையும் தாண்டியது. 30 டாலர் வெளியீடு, 320 வரை போய் 239.25-ல் முடிவு, 698 சதவீதம். அன்று 300-க்கு மேல் வாங்கியவர் எழுந்திருக்கவே இல்லை.

பங்கு இவ்வளவு குறைவாகப் புழங்கியதும் தற்செயல் கிடையாது. கம்பெனியில் ஒரு சிறு பகுதியை மட்டும் வெளியிடுவார்கள், நிறுவனர்களும் முதலில் பணம் போட்டவர்களும் பொதுவாக 180 நாள் விற்கக் கூடாது என்று ஒப்பந்தம் இருக்கும். சரக்கு கொஞ்சம், கேட்பவர் ஏராளம், விலை பறக்கும். அந்த 180 நாள் முடிந்ததும் சரக்கு பல மடங்காகச் சந்தையில் இறங்கும். அந்தத் தேதி முன்பே வெளியீட்டு ஆவணத்தில் அச்சாகி இருந்தது. நாள் வர்த்தகர்களில் எத்தனை பேர் அதைப் புரட்டினார்கள் என்று நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

வங்கிகள் இதில் விளையாடினவா?

ஆமாம், நடவடிக்கையும் வந்தது. ஐபிஓ-வில் பங்கு ஒதுக்கியதற்குப் பதிலாக வாடிக்கையாளர்களிடம் வழக்கத்துக்கு மாறான அதிகக் கமிஷனாக லாபத்தில் ஒரு பகுதியை வாங்கியதாக எழுந்த குற்றச்சாட்டில் கிரெடிட் சூயிஸ் ஃபர்ஸ்ட் பாஸ்டன் 2002 ஜனவரியில் 10 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது.

லாபமே இல்லாத கம்பெனிக்கு விலை எப்படிப் போட்டார்கள்?

லாபத்தை வைத்துப் போட முடியாததால் தளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை பக்கம் பார்க்கிறார்கள் என்று எண்ணினார்கள். 1998 டிசம்பரில் ஹென்றி பிளாட்ஜெட் என்ற ஆய்வாளர் அப்போது 240 டாலர் அளவில் இருந்த அமேசானுக்கு 400 டாலர் இலக்கு சொன்னார், சில வாரத்திலேயே அது தாண்டிவிட்டது. ஆய்வாளர் சொன்னதால் ஏறியதா, ஏறப்போவதை ஆய்வாளர் கண்டாரா என்று யாரும் நின்று கேட்கவில்லை. அவர் அதற்குப் பிறகு மெரில் லிஞ்சுக்குப் போனார். வெளியே வாங்கச் சொன்ன பங்குகளை உள்ளே மின்னஞ்சலில் மட்டமாகப் பேசியிருந்தது பின்னால் நியூயார்க் அரசு வழக்கறிஞர் எலியட் ஸ்பிட்சரின் விசாரணையில் வெளிவந்தது. 2003-ல் 40 லட்சம் டாலர் கட்டி, பங்குத் துறையிலிருந்து வாழ்நாள் தடையையும் ஏற்றுக்கொண்டார். அதே வருடம் ஏப்ரலில் பத்துப் பெரிய நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 140 கோடி டாலருக்கு சமரசம் செய்துகொண்டன.

விலை எந்த அளவுக்குக் கணக்கை விட்டு விலகிப் போயிருந்தது என்பதற்கு 2000 மார்ச் 2 ஒன்றே போதும். திரீகாம் என்ற கம்பெனி தன்னிடமிருந்த பாம் என்ற கையடக்கக் கணினிப் பிரிவின் 5 சதவீதத்தை அன்று வெளியிட்டது, மீதி ஏறக்குறைய முழுவதும் திரீகாம் வசமே இருந்தது. சில மாதத்தில் ஒவ்வொரு திரீகாம் பங்குக்கும் சுமார் ஒன்றரை பாம் பங்கு தருவதாகவும் அறிவித்திருந்தார்கள். அன்று மாலை பாம் 95.06 டாலர். அப்படியென்றால் திரீகாம் பங்கு குறைந்தது 142 டாலராவது இருக்க வேண்டும். இருந்தது 81.81. பாமைத் தவிர திரீகாமுக்கு இருந்த மற்ற தொழில், கையிருப்புப் பணம் எல்லாவற்றுக்கும் சேர்த்து சந்தை போட்ட விலை ஒரு பங்குக்கு மைனஸ் 60 டாலருக்கும் கீழே. பள்ளிக்கூடப் பெருக்கல் தெரிந்தவர் யாரும் இதைப் பார்த்திருக்கலாம், மறுநாள் பத்திரிகையிலும் வந்தது. உடனே சரியாகிவிடவில்லை. பாமை ஷார்ட் அடிக்க, அதாவது பங்கைக் கடன் வாங்கி விற்று, விலை விழுந்தபின் வாங்கித் திருப்பிக் கொடுக்க, கடனாகப் பங்கு கிடைப்பதே அரிதாக இருந்ததால் மாதக்கணக்கில் நீடித்தது.

பெயரில் டாட்காம் சேர்த்தாலே விலை ஏறியதாமே?

உண்மை. 1998-99-ல் அப்படிப் பெயர் மாற்றிய 95 கம்பெனிகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அறிவிப்பை ஒட்டிய பத்து நாளில் சந்தையை விட சராசரியாக 74 சதவீதம் அதிகம் ஏறியிருந்தன. கம்பெனிக்கு இணையத்தோடு உண்மையில் எவ்வளவு தொடர்பு என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை.

மார்ஜின், அதாவது புரோக்கரிடம் கடன் வாங்கிப் பங்கு வாங்குவது, எவ்வளவு ஆபத்து?

கையில் 50,000 டாலர், புரோக்கரிடம் கடன் 50,000, 100 டாலர் பங்கு 1,000 வாங்குகிறீர்கள். விலை 70-க்கு இறங்கினால் பங்கின் மதிப்பு 70,000, கடன் அப்படியே 50,000, உங்களுடையது 20,000. பங்கு விழுந்தது 30 சதவீதம், உங்கள் பணம் போனது 60 சதவீதம். இதோடு நின்றால் பரவாயில்லை. புரோக்கர் இன்னும் பணம் போடச் சொல்வார், இதுதான் மார்ஜின் அழைப்பு, கட்ட முடியாவிட்டால் உங்களைக் கேட்காமலேயே விற்பார், அதுவும் கிடைத்த விலைக்கு. எல்லோருக்கும் ஒரே சமயத்தில் இப்படி விற்றால் விலை இன்னும் விழும், அடுத்தவருக்கு மார்ஜின் அழைப்பு போகும்.

நியூயார்க் பங்குச் சந்தை உறுப்பினர்களிடம் இருந்த மார்ஜின் கடன் 2000 மார்ச்சில் சுமார் 27,850 கோடி டாலர், அதுவே அன்றைய உச்சம். ஏப்ரல் 4 அன்று நாஸ்டாக் நடுப்பகலில் 13 சதவீதம் வரை விழுந்து மாலைக்குள் பெரும்பாலும் மீண்டது. முடிவு விலையை மட்டும் பார்ப்பவருக்கு 2 சதவீதத்துக்கும் குறைவான இறக்கம். ஆனால் அந்தப் பள்ளத்தில் மார்ஜினுக்காக விற்கப்பட்டவருக்கு மாலை மீட்சியால் ஒரு பைசா பயன் கிடையாது. பத்து நாள் கழித்து, ஏப்ரல் 14-ல் முடிந்த வாரத்தில் குறியீடு 25 சதவீதம் போனது.

இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்று முன்பே ஸ்டாப் லாஸ் போட்டால் பாதுகாப்புதானே?

மெதுவாக இறங்குகிற பங்கில் ஓரளவு. இணையப் பங்குகள் அப்படி இறங்கவில்லை. 2000 ஆகஸ்ட் 25 அன்று எமுலெக்ஸ் என்ற கம்பெனியின் தலைவர் பதவி விலகிவிட்டார், கணக்குகளைத் திருத்தப்போகிறார்கள் என்று ஒரு செய்தி வெளியீடு வந்தது. முழுப் பொய், அந்தப் பங்கை ஷார்ட் அடித்து மாட்டிக்கொண்டிருந்த ஒரு இளைஞர் அனுப்பியது. 113 டாலரில் இருந்த பங்கு பதினைந்து நிமிட அளவில் 43-க்குப் போனது. பிறகு வர்த்தகத்தை நிறுத்தி, பொய் என்று தெரிந்து, விலை பெரும்பாலும் மீண்டது. 100-ல் ஸ்டாப் லாஸ் வைத்திருந்தவருக்கு 100-ல் விற்றாக வேண்டும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஸ்டாப் தொட்டதும் அது மார்க்கெட் ஆர்டராக மாறிவிடும், அடுத்து கிடைக்கிற விலை 80 என்றால் 80, 50 என்றால் 50. மீண்டு வந்தபோது அவர் கையில் பங்கே இல்லை.

இது ஊதிப்போன விலைக் குமிழி என்று தெரிந்தவர்கள் ஷார்ட் அடித்துச் சம்பாதித்தார்களா?

சிலர். பலர் அழிந்தார்கள். அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் சந்தையில் அறிவுக்குப் பொருந்தாத உற்சாகம் இருக்கிறதோ என்று கேட்டது 1996 டிசம்பர் 5-ல், அப்போது நாஸ்டாக் 1,300 அளவில். அதை நம்பி ஷார்ட் அடித்தவர் மூன்றே கால் வருடம் நான்கு மடங்கு ஏற்றத்தைத் தாங்கியிருக்க வேண்டும். ஜார்ஜ் சோரஸின் முதலீட்டு நிதியை நடத்திய ஸ்டான்லி டிரக்கன்மில்லர் 1999 தொடக்கத்தில் இணையப் பங்குகளை ஷார்ட் அடித்துப் பெரும் நஷ்டப்பட்டு, பிறகு வாங்கும் பக்கம் மாறி, உச்சத்துக்கு அருகில் மீண்டும் அடிபட்டு 2000 ஏப்ரலில் விலகினார். இணையப் பங்குகள் பக்கமே போக மாட்டேன் என்று நின்ற ஜூலியன் ராபர்ட்சன், முதலீட்டாளர்கள் பணத்தை எடுத்துக்கொண்டே போனதால், தன் டைகர் முதலீட்டு நிதியை மூடும் முடிவை அறிவித்தது மார்ச் 30. உச்சம் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

ஒருவர்கூட லாபம் பார்க்கவில்லையா?

பார்த்தார்கள், ஆனால் எத்தனை பேர் என்பதுதான் விஷயம். 1999 ஆகஸ்டில் அமெரிக்க மாநிலப் பங்கு ஒழுங்குமுறை அமைப்புகளின் சங்கம் ஒரு டிரேடிங் அலுவலகத்தின் கணக்குகளை எடுத்து ஆராய்ந்தது. பத்தில் ஏழு பேர் நஷ்டம், குறுகிய கால வர்த்தகத்தில் லாபம் ஈட்டும் திறன் தெரிந்தது 11.5 சதவீதக் கணக்குகளில். சந்தை ஏறிக்கொண்டிருந்த காலத்திலேயே இது. மாதிரி சிறியது என்று எதிர்த்தவர்கள் உண்டு, அந்த ஆட்சேபம் நியாயமானதுதான்.

மாதிரி பெரியதாக வேண்டும் என்றால் பிராட் பார்பர், டெரன்ஸ் ஒடீன் என்ற இரண்டு நிதித்துறைப் பேராசிரியர்கள் செய்த வேலை இருக்கிறது. 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் கணக்குகள். சந்தை வருடத்துக்கு 17.9 சதவீதம் தந்தபோது, மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது 11.4. போனிலிருந்து ஆன்லைனுக்கு மாறியவர்களையும் தனியாகப் பார்த்தார்கள். மாறுவதற்கு முன் சந்தையை ஜெயித்துக்கொண்டிருந்தவர்கள், மாறியபின் அதிகமாகவும் அவசரமாகவும் வர்த்தகம் செய்து சந்தைக்குக் கீழே போனார்கள். தைவானில் பல வருட முழுச் சந்தைத் தகவலை வைத்துப் பார்த்தபோது, நாள் வர்த்தகர்களில் கட்டணம் போகத் தொடர்ந்து லாபம் எடுக்கக்கூடியவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

2000 மார்ச்சில் ஏன் உடைந்தது?

ஒரே காரணம் கிடையாது. 1999 ஜூனில் தொடங்கி மத்திய வங்கி வட்டியை 4.75-லிருந்து 6.5 சதவீதம் வரை ஏற்றியது. மார்ச் 20 தேதியிட்ட பாரன்ஸ் என்ற நிதி வார இதழ் 207 இணையக் கம்பெனிகளின் கையிருப்பைக் கணக்கிட்டு, 51 கம்பெனிகளுக்கு ஒரு வருடத்துக்குள் பணம் தீர்ந்துவிடும் என்று பட்டியல் போட்டது. ஏப்ரல் 3-ல் ஏகபோக வழக்கில் மைக்ரோசாஃப்ட்டுக்கு எதிராகத் தீர்ப்பு. 1999 லாபத்துக்கு வரி கட்ட வேண்டிய கெடுவும் ஏப்ரல் நடுவில். கையில் பணமில்லாமல் ஏறிய பங்கை மட்டும் வைத்திருந்தவர், விழுகிற சந்தையில் விற்று வரி கட்டினார்.

25,000 டாலர் விதி எப்போது வந்தது?

எல்லாம் முடிந்த பிறகு. 2001 செப்டம்பரிலிருந்து, ஐந்து வர்த்தக நாளில் நான்கு அல்லது அதற்கு மேல் நாள் வர்த்தகம் செய்பவர் மார்ஜின் கணக்கில் 25,000 டாலர் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். பதிலுக்கு அவருக்குப் பகலில் நான்கு மடங்கு வரை வாங்கும் சக்தியும் கொடுத்தார்கள்.

சென்னைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே 1999 அக்டோபரில் நாஸ்டாக்குக்குப் போன முதல் இந்திய இணையக் கம்பெனி. அடுத்த மாதமே இந்தியாவேர்ல்டு தளங்களை 499 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. இந்தியச் சந்தையில் மும்பை பங்குத் தரகர் கேதன் பாரேக்கின் பங்குகள் என்று அன்று பேசப்பட்டவற்றில் சென்னையின் பென்டாமீடியாவும் எஸ்எஸ்ஐ-யும் இருந்தன. 2001 மார்ச்சில் அந்தக் கூடாரமும் சரிந்தது, ஜூலையில், பங்குக்கான பணத்தைக் கட்டாமல் வட்டி கொடுத்து அடுத்த தவணைக்குத் தள்ளிப்போடுகிற பத்லா முறையைப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி தடை செய்தது. இந்தியாவில் மார்ஜின் வேலையைச் செய்துகொண்டிருந்தது அந்த பத்லாதான்.

இப்போது தொழில்நுட்பம் வேறு, கமிஷனும் கிட்டத்தட்ட இல்லை. இன்னும் அதே நிலைமையா?

செபி 2024-ல் வெளியிட்ட எண்களைப் பாருங்கள். 2022-23 நிதியாண்டில் பங்குகளில் நாள் வர்த்தகம் செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம். வருடத்துக்கு 500 தடவைக்கு மேல் செய்தவர்களில் 80 சதவீதம். 30 வயதுக்குக் கீழ் உள்ளவர்களில் 76 சதவீதம். எஃப் அண்ட் ஓ என்கிற ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்த வர்த்தகத்தில் மூன்று நிதியாண்டுகளில் 93 சதவீதம் பேர் நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அட்லாண்டா டிரேடிங் அலுவலகத்தில் மேசை வாடகைக்கு எடுத்தவருக்கும் திருப்பூரில் பைக் மேல் உட்கார்ந்து போனில் ஆப்ஷன் வாங்குகிறவருக்கும் இடையில் செலவு குறைந்திருக்கிறது, வேகம் கூடியிருக்கிறது, எதிரில் விற்பவர் பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் கணினியாக ஆகியிருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது கடன் வாங்கி இதில் இறங்கியிருந்தால், திட்டாமல் உட்கார வைத்து முழு வருடக் கணக்கையும், கட்டணம் உட்பட, ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஜெயித்த நாட்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும், கூட்டுத்தொகை பலருக்குத் தெரியாது.

அன்றைக்கு அமேசான் வாங்கி வைத்திருந்தால் இன்று கோடீஸ்வரன்தானே?

எப்போது வாங்கினார் என்று கேளுங்கள். 1997 மே மாதம் 18 டாலருக்கு வந்த பங்கு, பிறகு ஒரு பங்கைப் பலவாகப் பிரித்ததை வைத்துப் பார்த்தால் 1999 கணக்கில் ஒன்றரை டாலர். 1999 டிசம்பரில் அது 100-ஐத் தாண்டியது, 2001 இலையுதிர் காலத்தில் 6 டாலருக்குக் கீழே போனது. வெளியீட்டிலேயே வாங்கி அசையாமல் இருந்தவருக்கு அந்தப் பள்ளத்தில்கூட போட்டதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. 1999 டிசம்பர் உச்சத்தில் வாங்கியவர் அசலைப் பார்க்க 2009 அக்டோபர் வரை உட்கார்ந்திருந்தார். காலையில் வாங்கி மாலையில் விற்றவருக்கு இரண்டும் கிடையாது, ஏனென்றால் அவர் கையில் எந்த இரவும் அந்தப் பங்கு இருந்ததே இல்லை. அதே 1999-ல் அமேசானோடு ஒரே வரிசையில் வைத்துப் பேசப்பட்ட ஈடாய்ஸ் 2001 மார்ச்சில் திவால், வெப்வேன் ஜூலையில் திவால், 2000 பிப்ரவரியில் 11 டாலருக்குப் பங்கு விற்ற பெட்ஸ்.காம் அதே நவம்பரில் கடையை மூடியது.